நலத் தூதரா, மித்ராவா? பள்ளியில் மனநலத்தை யாரிடம் ஒப்படைப்பது

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் குறித்து இந்தியாவில் நடந்த சோதனைகளில் நான் மிகவும் மதிப்பது பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்ததைத்தான். கோவாவின் சங்காத் நிறுவனம் நடத்திய அந்தச் சோதனையின் பெயர் செஹர். 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பகுதியில் மாநில அரசு ஏற்கெனவே நடத்திவந்த வளரிளம் பருவக் கல்வி மட்டும் நடந்தது. இரண்டாவது பகுதியில் அதோடு சேர்த்து ஒரு மனநலத் திட்டமும் வந்தது. அதை நடத்தியவர் அதே பள்ளியின் ஆசிரியர் ஒருவர். மூன்றாவது பகுதியிலும் அதே திட்டம்தான், ஆனால் நடத்தியவர் வெளியாள். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த சாதாரணப் பட்டதாரி. உளவியல் படித்தவர் இல்லை. அவரை ‘செஹர் மித்ரா’ என்று அழைத்தார்கள்.

திட்டம் ஒன்றுதான், ஆள்தான் வேறு. எட்டு மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மித்ரா இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிய அளவில் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு, ஒருவரையொருவர் சீண்டிக் கொடுமைப்படுத்துவது, அடிதடி எல்லாமே குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளுக்கும் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சச்சின் ஷிண்டே, விக்ரம் படேல் உள்ளிட்டோர் எழுதிய இந்த முடிவு 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. பதினேழு மாத முடிவில் பலன் இன்னும் கூடியிருந்தது என்று 2020-இல் அடுத்த கட்டுரையும் வந்தது.

இதற்கு நடுவே, 2020 பிப்ரவரியில், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு பள்ளி நலத்திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கானது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஒரு ஆண், ஒரு பெண், ‘நலத் தூதர்’களாகப் பயிற்சி பெற்று வாரந்தோறும் வகுப்பெடுக்க வேண்டும். மொத்தம் 11 தலைப்புகள். அவற்றில் ஒன்று மனநலம். திட்டம் தொடங்கியபோது நாலந்தாவின் முடிவு வெளியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நம் மண்ணிலேயே, நம் அரசுப் பள்ளிகளிலேயே சோதித்து, பலனில்லை என்று கண்ட வழியைத்தான் நாடு முழுவதற்குமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அது சரியா என்பதுதான் இங்கே என் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன் இந்த வயதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்து முதல் பதினான்கு வரை, நம் கணக்கில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகள். மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரச்சினை என்னவென்றால், அவை தலைகாட்டும் விதம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லாதது. சோகமாக இருக்கிறேன் என்று பன்னிரண்டு வயதுப் பையன் சொல்ல மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவனுக்கு வயிறு வலிக்கும். திங்கட்கிழமை காலையில் வலி ஏறும், சாப்பிட முடியாது, ஒருமுறை வாந்திகூட வரும். பத்து மணிக்கு, இனிமேல் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்ததும், வலி போய்விடும். ‘நடிக்கிறான்’ என்பார்கள் வீட்டில். வலி நிஜமான வலிதான். ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான்.

மனச்சோர்வும் அப்படித்தான். பெரியவர்களிடம் அது சோகமாகத் தெரியும். இந்த வயதில் பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படும். சுள்ளென்று விழுவது, எதிர்த்துப் பேசுவது, நோட்டை முடிக்காமல் விடுவது, கூட உட்கார்ந்தவனோடு சண்டை. வகுப்பறையில் இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஒழுங்கீனம். அதற்கென்று நடைமுறையும் இருக்கிறது. வெளியே நிற்க வைப்பது, ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா’, அதற்கும் மேலே போனால் டிசி மிரட்டல். ஆக, நோயின் அறிகுறி எதுவோ அதையே தண்டிக்கவேண்டிய இடத்தில் ஆசிரியர் நிற்கிறார். அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கையால் மார்க் போட்டு, ரேங்க் சொல்லி, பெற்றோர் கூட்டத்தில் புகார் வாசிப்பவரிடம், இன்னொரு கையால் ரகசியத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். பிள்ளைகள் அதை நம்புவதில்லை. நம்பாதது அவர்களுடைய புத்திசாலித்தனம் என்றே நான் சொல்வேன்.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை ஒரே டீச்சரிடம், பேர் சொல்லிக் கூப்பிடும் இருபது பிள்ளைகளுக்கு நடுவில் படித்த குழந்தை, ஆறாம் வகுப்பில் டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி, ப்ளஸ் டூ அண்ணன்கள் நிற்கும் கழிப்பறை, பஸ். உடம்பு மாறத் தொடங்கும் அதே வருஷம் பள்ளியும் மாறுகிறது. நாள் முழுதும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை. நலத் தூதரும் வாரம் ஒரு பீரியட்தான் பார்க்கிறார்.

எண்ணிக்கைகளையும் எடைபோட்டாக வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டார்கள். 2022-இல் என்சிஇஆர்டி 3.79 லட்சம் மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 81 விழுக்காட்டினர் தங்கள் பதற்றத்துக்குப் படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவற்றையே காரணமாகச் சொன்னார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது நோய்க் கணக்கு. இரண்டாவது, கொரோனா ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. அதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. நடுநிலை வகுப்புகளில் பள்ளி வாழ்க்கை திருப்தி தருகிறது என்று சொன்ன அளவுக்கு, மேல் வகுப்புகளில் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் இல்லை, பாரம் இருக்கிறது. அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பள்ளியிலிருந்தே வருகிறது. அப்படியானால் பிள்ளையைத் திருத்தும் வகுப்பு வேண்டுமா, பள்ளியைத் திருத்தும் வேலை வேண்டுமா?

வகுப்பு வழியை மிகுந்த நேர்மையோடு சோதித்தவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். வில்லெம் குய்க்கென் முன்னின்ற ‘மிரியட்’ ஆய்வு, 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 13 வயதுவரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனவிழிப்புப் பயிற்சியைப் பத்துப் பாடங்களாக, பயிற்சி பெற்ற ஆசிரியர்களே நடத்தினார்கள். பணத்துக்குக் குறைவில்லை, நோக்கத்திலும் குறையில்லை. 2022-இல் வந்த முடிவு: மனச்சோர்வு அபாயத்திலும் நலத்திலும் வழக்கமான வகுப்புகளைவிட எந்த மேம்பாடும் இல்லை. ஏற்கெனவே மனச்சிக்கலின் விளிம்பில் இருந்த சில பிள்ளைகளுக்குச் சற்று மோசமாகவே ஆனதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. ஓரளவு பயன் பெற்றவர்கள் பயிற்சி எடுத்த ஆசிரியர்கள். அவர்களுடைய வேலைச் சோர்வு கொஞ்ச காலத்துக்குக் குறைந்திருந்தது. வீட்டில் செய்துபார்க்கச் சொன்ன பயிற்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவே இல்லை. பன்னிரண்டு வயதில் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது அவர்களுடைய வேலையாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் இதுபோல் ஒன்று நடந்தது. மருத்துவமனைகளில் கடும் உணர்ச்சிக் கொந்தளிப்புக்குத் தரும் சிகிச்சை முறையிலிருந்து சில திறன்களை எடுத்து, வகுப்பு முழுவதற்கும் பாடமாக வைத்தார்கள். முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. பெற்றோரோடு உறவும் கெட்டிருந்தது. லூசி ஃபோக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். மனநலம் பற்றி இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தால், இந்த வயதுக்கே இயல்பான கலக்கத்தையும் பிள்ளைகள் நோயாகவே பெயரிட்டுக்கொள்ளலாம்; பெயரிட்டபின் கலக்கம் உண்மையிலேயே பெருகலாம் என்பது அது. இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால், விழிப்புணர்வு என்றால் நல்லதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாத நிலைக்கு நம்மைக் கொண்டுவந்திருக்கிறது.

வகுப்பு என்றாலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் நடந்த ‘SEYLE’ ஆய்வு அதற்குச் சாட்சி. அதில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: பிள்ளையின் ஆபத்தைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கேள்வித்தாள் வைத்து வடிகட்டி நிபுணரிடம் அனுப்புதல், வெளியிலிருந்து வந்த பயிற்றுநரோடு பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களைத் தாங்களே நடித்துப் பார்த்துப் பேசுதல். ஓராண்டில் தற்கொலை முயற்சிகளைப் பாதியளவுக்குக் குறைத்தது மூன்றாவது மட்டும்தான். 2015-இல் வந்த முடிவு இது. பிள்ளைகளின் வயது பதினைந்தை ஒட்டியது, நம் ஏழாம் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நாலந்தாவோடு சேர்த்துப் படிக்கும்போது ஒரு பொதுத்தன்மை கண்ணில் படாமல் போகாது. பலன் தந்த இரண்டிலும் மார்க் போடாத ஒரு பெரியவர் இருந்தார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்காமல் பேசினார்கள்.

மித்ரா உண்மையில் என்ன செய்தார்? காலைக் கூட்டத்தில் சில நிமிஷம் பேசினார், பிள்ளைகளையும் பேசவைத்தார். சுவர் இதழ் நடத்தினார், போட்டிகள் வைத்தார். மாணவர் குழுக்கள் அமைத்தார். பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் மாணவரும் சேர்ந்த குழு ஒன்றைக் கூட்டினார். தனியாக வந்து பேச விரும்பியவர்களிடம் தனியாகப் பேசினார். கூடவே ஒரு பெட்டி வைத்தார். பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். அதில் வரும் குறைகளை, யார் எழுதியது என்று தெரியாதபடி, பொதுவில் எடுத்துப் பேசினார். பட்டியலைப் பார்த்தால் பெரிய வித்தை ஏதும் இல்லை. மனநலம் என்ற சொல்கூட அதிகம் வந்திருக்காது. பள்ளியில் ஒருவர் தன்னைக் கேட்கிறார், கேட்டது எங்கோ போய்ச் சேருகிறது என்ற உணர்வுதான் அங்கே வேலை செய்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆய்வையும் சும்மா விட்டுவிடக் கூடாது. நான்கு குறைகள் எனக்குப் படுகின்றன. எல்லா அளவைகளும் பிள்ளைகளே சொன்னவை. தங்கள் பள்ளியில் மித்ரா இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிடித்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ சாதகமாகப் பதில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. பள்ளிச் சூழலை அளந்த கேள்வித்தாள் பங்கேற்பையும் உறவையும் பற்றிக் கேட்கிறது. மித்ரா செய்ததும் அவற்றைத்தான், எனவே அங்கே மதிப்பெண் ஏறுவதில் வியப்பில்லை. மனச்சோர்வு அளவையில் கிடைத்த வித்தியாசம் 27-க்கு ஒன்றேகால் புள்ளிதான். ஒரு பிள்ளைக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஒரு மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளிடமும் அது கிடைத்தால் விளிம்பில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறையும், அதுதான் அதன் மதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, இது ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் இதே பலன் வரும் என்று எழுதித் தர யாராலும் முடியாது.

இருந்தும் நான் ஆய்வின் பக்கம் சாய்வதற்குக் காரணம் அந்த இரண்டாவது பகுதிப் பள்ளிகள்தான். பிடித்தவருக்காகப் பிள்ளைகள் மிகையாக எழுதினார்கள் என்றால், ஆசிரியர் நடத்திய பள்ளியில் அந்த மிகைகூட ஏன் வரவில்லை? அங்கும் அதே பெட்டி, அதே சுவர் இதழ்தானே திட்டத்தில் இருந்தன?

‘பள்ளியில் தினமும் இருப்பவர் ஆசிரியர்தான், அவரை விட்டால் யார்?’ என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. ஆபத்தில் இருக்கும் குழந்தையை முதலில் கவனித்து, வீட்டுக்கே போய்ப் பேசி, படிப்பை நிறுத்தவிடாமல் காத்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஒன்றியங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் செய்தது தூதர் என்ற பதவியால் அல்ல, அந்தப் பதவி வந்து அதைக் கூட்டவும் இல்லை. இன்றைய அரசுப் பள்ளி ஆசிரியரின் நாளைப் பாருங்கள். காலையில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் சேர்ப்பு, விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இதற்கிடையில் பாடம். இதன்மேல் பதினொரு தலைப்புகளை ஏற்றினால் மனநலம் ஒரு பதிவேட்டுப் பக்கமாக முடியும். வகுப்பு எடுத்தாயிற்று என்று தேதி போட்டுக் கையெழுத்து இருக்கும்.

ஹெல்ப்லைன்கள் இருக்கின்றனவே என்றும் சொல்லலாம். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ், 14416, நல்ல சேவை. பெற்றோருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தயங்காமல் சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொந்தமாக போன் கிடையாது. இருக்கும் போன் அப்பாவுடையது. பேச வேண்டியது பல நேரம் அப்பாவைப் பற்றியது.

தமிழ்நாடு இந்தத் திசையில் ஏற்கெனவே ஒரு நல்ல அடி வைத்திருக்கிறது. குழந்தைப் பாதுகாப்பை முன்னிட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி வைக்கப்பட்டது. நாலந்தாவின் பெட்டிக்கும் இதற்கும் உருவத்தில் வித்தியாசமில்லை. ஆனால் பெட்டி தானாக எதையும் செய்யாது. தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் இருந்தால் யார் சீட்டுப் போடுவார்கள்? போட்ட சீட்டைத் திறப்பவர் அந்தச் சீட்டில் பெயர் வந்திருக்கும் ஆசிரியரின் சக ஆசிரியராக இருந்தால்? ‘கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை’ என்று எட்டாம் வகுப்புப் பெண் எழுதிப் போட்டு, மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் வரவில்லையென்றால், அதைவிடக் கனமான எதையும் அவள் அந்தப் பெட்டியிடம் சொல்லப்போவதில்லை. மித்ராவின் இடம் இங்கேதான். பெட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே, பள்ளியின் படிநிலையில் எங்கும் இல்லாத ஒருவர்.

அந்த ஒருவர் யார் என்பதில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலை நான் முழுதாக வரவேற்க முடியவில்லை. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவியின் மரணத்தை ஒட்டிய வழக்கு அது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆசிரியர் அல்லாத ஒருவர் வேண்டும் என்று சொன்ன வகையில் அது சரியான திசை. ஆனால் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கினால் மாநகரத்துத் தனியார் பள்ளிகள் ஆள் பிடிக்கும். கள்ளக்குறிச்சியிலும் ராமநாதபுரத்திலும் உள்ள அரசுப் பள்ளிகள் காலியிடம் என்று எழுதி வைக்கும். நாலந்தா காட்டியது வேறு: உள்ளூர்ப் பட்டதாரி, நல்ல பயிற்சி, மேலே இருந்து தொடர்ந்து கவனிக்கும் ஒரு மேற்பார்வையாளர். தீவிரச் சிக்கல் உள்ள பிள்ளையை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பும் பாதையும் இதோடு இருக்க வேண்டும். அந்தப் பாதை இல்லாமல் மித்ராவை மட்டும் வைப்பது பொறுப்பில்லாத செயல்.

ஆகவே என் முடிவு இது. நலத் தூதர் திட்டம் சுகாதாரக் கல்வியாகத் தொடரட்டும். பல் துலக்குவது, இரும்புச்சத்து, புகையிலை பற்றியெல்லாம் ஆசிரியர் நன்றாகவே சொல்லித் தருவார். அதை மனநலச் சேவை என்று கணக்கில் காட்டுவதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் கணக்கில் இருப்பதாலேயே வேறு ஏற்பாடு வராமல் போகிறது. மனநலத்தில் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது குறைவாக, செய்ய முடிந்ததாக இருக்கட்டும்: பொதுவில் அவமானப்படுத்தாமல் இருப்பது, மார்க்கை வகுப்பில் உரக்க வாசிக்காமல் இருப்பது, திங்கட்கிழமை தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை மித்ராவிடம் சொல்வது. மூச்சுப்பயிற்சி வகுப்பை எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமாக வைப்பதற்கு இந்த வயதில் ஆதாரம் இல்லை. விரும்பும் பிள்ளைக்கு வைக்கலாம்.

மித்ராவை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது ஆதாரத்தைத் தாண்டிய என் ஊகம் என்பதால் முதலில் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று மாவட்டங்கள் போதும். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு ஆள் கொடுத்து, அதே பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்புவரை பின்தொடர வேண்டும். பிள்ளைகள் சொல்வதோடு வேறு சிலவற்றையும் அளக்க வேண்டும்: எமிஸில் ஏற்கெனவே பதிவாகும் வருகை, எட்டாம் வகுப்புக்குப் பிறகு இடைநிற்றல், பெட்டியில் வந்த சீட்டுகளில் எத்தனைக்கு எத்தனை நாளில் பதில் கிடைத்தது என்ற கணக்கு. கடைசியில் சொன்ன எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் எழுதிப் போட இன்றைக்கே அரசாணை போடலாம். அதற்குச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.